கோகிலவாணி பெயரில் ஒரு ரிப்போர்ட்

ஜனவரி 8, புதன்

பெருந்துறைச் சாயப்பட்டறைக்காரர்கள் கேட்ட ஜெர்மன் ரிப்போர்ட்டை இன்று முடித்துவிட்டேன். இரண்டு நாள் ஆகும் என்று ஆபீஸில் சொல்லி வைத்திருந்தேன். பதினோரு மணி டீ வருவதற்குள் முடிந்துபோனது.

ஜெர்மனிக்காரர்கள் எண்ணில் புள்ளி வைக்கும் இடத்தில் கமா வைப்பார்களாம். நமக்கு 1.40 என்றால் அவர்களுக்கு 1,40. அச்சடிப்பதற்கு முன் ‘இனி ஜெர்மன் முறை’ என்று ஒரு வரி, முடித்ததும் ‘பழையபடி நம் முறை’ என்று ஒரு வரி. சி மொழியில் இதற்கென்றே செட்லொகேல் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதன் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன். நீளமான பக்கம், பாதிக்கு மேல் படிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

மீதி நேரத்தில் வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்தேன். காஸ் புக் செய்தேன். மனசுக்கு நிறைவான நாள்.

பிப்ரவரி 5, புதன்

பெருந்துறை போய் வந்தேன். பட்டறை முதலாளி சென்னியப்பன் அண்ணா ஒரு வாரமாகப் போனில் புலம்பிக்கொண்டிருந்தார். ஆலிவ் பச்சை கேட்டால் கிளிப்பச்சை வருகிறது, மெரூன் கேட்டால் செங்கல் நிறம் வருகிறது. ஒரு தடவையில் சாயமேற்றும் துணி ஒரு லாட். எல்லா லாட்டும் இல்லை, சில லாட் மட்டும். அதுதான் தலைவலி.

சாயம் அளந்து ஊற்றும் மிஷினின் புரோகிராம் எங்களுடையது, பெரும்பகுதி நான் எழுதியது. எந்தச் சாயம் எவ்வளவு என்று பார்முலா போட்டால், மிஷின் அதைப் படித்து, மூடிய பெட்டிக்குள் குழாய் குழாயாக ஊற்றிவிடும். மாஸ்டர் செல்லமுத்து தண்ணீரைக் குறை சொன்னார். அண்ணா உப்பைக் குறை சொன்னார். நான் அளக்கும் பகுதியை வரி வரியாகப் பார்த்துவிட்டு, “புரோகிராம்ல ஒண்ணும் இல்லீங்கண்ணா” என்றேன். அந்தப் பகுதியில் உண்மையாகவே ஒன்றும் இல்லை.

மத்தியானம் கோகிலவாணி மேடம் வந்தார். பட்டறையில் துணி வாங்கும் ஜெர்மன் கம்பெனிக்காகத் தரம் பார்ப்பவர். நாற்பது வயதிருக்கும், ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறார். கம்பெனி ஆள் வந்தால் அவர் கண் முன்னாலேயே ஒரு புது லாட்டைத் தொடங்குவது இந்தப் பட்டறையின் மரியாதை. மாஸ்டர் மிஷினுக்குச் சூடம் காட்டுவார், சூடம் அணைவதற்குள் பார்முலாவைப் போட்டு ஓட்டிவிட வேண்டும். மேடம் அந்த நேரத்தையும் வீணாக்குவதில்லை. அதே கம்ப்யூட்டரின் இரண்டாவது திரையில் தன் பெயரில் உள்ளே போய், ரிப்போர்ட்டை அச்சுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அந்தப் பழைய பிரிண்டர் கடகடவென்று வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெர்மன் ரிப்போர்ட் அழகாக வருகிறது, கமா எல்லாம் சரியான இடத்தில். “நல்லா பண்ணியிருக்கீங்க சார்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த லாட்டும் போச்சு. மெரூன், செங்கலாக.

பிப்ரவரி 13, வியாழன்

அண்ணா போன் செய்தார். “தம்பி, ஒண்ணு சொல்றேன், சிரிக்கப்படாது” என்று ஆரம்பித்தார்.

“சொல்லுங்கண்ணா.”

“அந்தம்மா வர்ற அன்னிக்குத்தான் கலர் ஓடுது. போன மாசத்துல இருந்து பாத்துட்டே இருக்கேன். அந்தம்மா வராத நாள்ல ஒரு லாட்டுகூடப் போகல. மாஸ்டரும் அதேதான் சொல்றாரு.”

“அதுக்கு?”

“ராசி இல்லீங்க தம்பி. பாவம், நல்ல மனுசிதான். புருசன்காரனும் விட்டுட்டுப் போயிட்டானாம்.”

சிரித்துவிட்டேன். சாயங்காலம் தாராபுரத்துக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அப்பா கருப்புச் சட்டைக்காரர். ராகு காலம் பார்த்து, அந்த நேரத்தில்தான் கல்யாணம் என்று அடம்பிடித்து நடத்திக்கொண்டவர். எனக்கு இளம்பரிதி என்று பெயர் வைத்ததற்கே தாத்தாவோடு சண்டை. “அடப்பாவிகளா, கம்ப்யூட்டர வெச்சுக்கிட்டு சூடம் காட்டறானுகளா!” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் அவரும் சேர்ந்து சிரித்து நாளாகிவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

மறுபடியும் பெருந்துறை. மறுபடியும் மேடம். மறுபடியும் கிளிப்பச்சை.

தற்செயல்தான். ஆனால் எத்தனை முறைதான் தற்செயல் என்று ஆகும்? மாஸ்டரிடம் ஒவ்வொரு கெட்ட லாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாமே மேடம் வந்த நாள்தான். ஒன்றுகூட விலகவில்லை. புள்ளிவிவரம் படித்தவன் என்ற முறையில்தான் கேட்டேன், வேறொன்றும் இல்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் மேடமும் நின்றிருந்தார். மகள் பிளஸ் டூ எழுதப்போகிறாளாம், கெமிஸ்ட்ரிதான் பயமாம். பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பசியில்லை.

மிட்டாயை ரூமுக்கு வந்து குப்பைக்கூடையில் போட்டேன். நமுத்துப்போயிருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாளைக்கு ஒரு பெரிய சாம்பல் நிற லாட். மேடத்தை வரவேண்டாம் என்று என்னைச் சொல்லச் சொன்னார் அண்ணா. “நீங்க படிச்சவரு, பக்குவமாச் சொல்லுவீங்க.”

போன் செய்தேன். மிஷினுக்கு சர்வீஸ் என்று சொன்னேன். புரிந்துகொண்டார்.

சட்டைகள் அயர்னுக்குக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 26, புதன்

மேடம் வரவில்லை. பட்டறையில் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. மாஸ்டர் நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார்.

சூடம் ஏற்றும் நேரத்தில் அண்ணா, “தம்பி, ஜெர்மன்காரனுக்கு ரிப்போர்ட் மட்டும் போகணும். அந்தம்மா பேர்லதானே வரும்? நீங்களே எடுத்துருங்க” என்றார். மேடத்தின் பெயரில் உள்ளே போய் அச்சுக்குக் கொடுத்தேன். பிரிண்டர் கடகடக்க ஆரம்பித்தது. மாஸ்டர் பார்முலாவைப் போட்டார்.

சாயம் ஏறி முடிந்து துணியை வெளியே எடுத்தோம். சாம்பல் இல்லை, வேறு நிறமும் இல்லை. உள்ளே போன வெள்ளைத் துணி அப்படியே வெள்ளையாக வெளியே வந்திருந்தது.

அண்ணா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “அந்தம்மா பேர்ல ரிப்போர்ட் எடுத்தீங்கல்ல? அதான். பேருக்கே இவ்வளவு இருக்குது பாருங்க.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். அண்ணா சொன்னது பைத்தியக்காரத்தனம். ஆனால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோனது.

பிப்ரவரி 27, வியாழன்

சாம்பலுக்கான பார்முலா: கறுப்பு 0.48, நீலம் 0.12, சிவப்பு 0.05. எல்லாமே ஒன்றுக்குக் கீழே.

ஒரு புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் தனித்தனியே ஓடும். அவற்றைத் திரெட் என்போம். எங்கள் புரோகிராமில் ரிப்போர்ட் அடிப்பது ஒரு திரெட், பார்முலா படிப்பது இன்னொரு திரெட். நான் எழுதிய ‘இனி ஜெர்மன் முறை’ ரிப்போர்ட்டுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது புரோகிராம் முழுவதற்கும். பிரிண்டர் கடகடக்கும் வரைக்கும் மிஷினும் ஜெர்மன்காரனாகிவிடுகிறது. 0.48 என்பதைப் படிக்க வருகிறது, சைபரைப் படிக்கிறது, அடுத்து கமாவை எதிர்பார்க்கிறது, புள்ளியைப் பார்த்ததும் எண் முடிந்துவிட்டது என்று நின்றுவிடுகிறது. கறுப்பு சைபர். நீலம் சைபர். சிவப்பு சைபர். திரையில் 0.48 என்றே தெரியும். ஊற்றச் சொன்னதை ஊற்றிவிட்டேன் என்று மிஷினும் சத்தியம் செய்யும்.

மெரூனில் சிவப்பு 3.20 மூன்றாகியிருக்கும், நீலம் 0.45 காணாமல் போயிருக்கும். மிஞ்சியது செங்கல்.

மற்றவர்கள் ரிப்போர்ட் எடுத்தால் நம் முறையில்தான் வரும். ஜெர்மன் முறை மேடத்தின் பெயருக்கு மட்டும். அதையும் நான்தான் அப்படி வைத்தேன்.

கையேட்டுப் பக்கத்தை இன்று முழுதாகப் படித்தேன். வேறு திரெட்டுகள் ஓடும்போது இதைக் கூப்பிடாதே என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அன்றைக்கு நான் நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் கீழே.

மார்ச் 3, திங்கள்

சரிசெய்துவிட்டேன். ரிப்போர்ட் திரெட்டுக்கு மட்டும் தனி முறை, மற்றவை தொடாது. ‘சிறு மேம்பாடுகள்’ என்று பெயர் போட்டுப் பெருந்துறைக்கு அனுப்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா போன் செய்தார், எடுக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பட்டறையில் எல்லா லாட்டும் சரியாக வருகிறது. அண்ணா ஒரு பெட்டி மைசூர்பாகோடு ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

“அந்தம்மாவ மாத்திட்டாங்க தம்பி. வேற ஆளு போடுங்கன்னு கம்பெனிக்குச் சொல்லிட்டேன். போன நாள்ல இருந்து ஒரு லாட்டு போகல, பாத்தீங்களா? நீங்க நம்பலீல்ல!”

ஆபீஸில் எல்லோரும் மைசூர்பாகு சாப்பிட்டார்கள். நான் திருத்தி அனுப்பிய வாரமும் மேடம் போன வாரமும் ஒன்றாகிவிட்டது. என் திருத்தமே அவர்களுக்குச் சாட்சி ஆகிவிட்டது. இதை யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

மேடம் இப்போது எங்கே என்று கேட்டேன். “ஈரோட்டுல வேற ரெண்டு பட்டறைக்கு அனுப்பிப் பாத்தாங்களாம். அவங்களுக்கும் விசயம் தெரிஞ்சுபோச்சு, வேண்டாம்னுட்டாங்க. கம்பெனில இந்த மாசத்தோட நிறுத்திருவாங்கபோல” என்றார் அண்ணா. ஒரு துண்டு என் கையிலும் வைத்தார். சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்: சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மேடம் போன் செய்தார். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

“சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் வராத அன்னிக்கும் ஒரு லாட்டு போச்சாமே? சாம்பல் கலரு. மாஸ்டர் வாய்தவறிச் சொல்லிட்டாரு. நெசங்களா?”

அதைச் சொல்வதற்கு எனக்கு வேண்டியது ஒரே ஒரு ‘ஆமாம்’. “எனக்குச் சரியாத் தெரியல மேடம்” என்றேன்.

“சரிங்க சார். ஒருவேள அன்னிக்கு நான் வராமயே லாட்டு போயிருந்தா, எம்மேல இல்லையோன்னு ஒரு நெனப்பு. அவ்வளவுதான்.”

இதோடு முடிந்திருந்தால்கூட ராத்திரி தூங்கியிருப்பேன். வைப்பதற்கு முன் சொன்னார்: “பாப்பாவுக்குப் பரீச்ச நடக்குதுங்க. நான் ஸ்கூல் வாசல் வரைக்கும் போறதில்ல. பஸ் ஸ்டாப்போட நின்னுக்கறேன். எதுக்கு வம்புன்னு.”

வெட்கமாக இருக்கிறது. வேறு எந்தச் சொல்லும் இதற்குப் பொருந்தவில்லை. அந்தப் பெண் தன் மகளுக்குத் தானே ஆகாது என்று நம்ப ஆரம்பித்துவிட்டார், என்னுடைய இரண்டு வரியால்.

இல்லை, இரண்டு வரியால் மட்டும் இல்லை. பிப்ரவரி 25-ஆம் தேதி நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். சர்வீஸ் என்று நான் சொன்னதும் அவர் கேட்டார், “அப்ப மிஷின் ஓடாதுங்களா சார்?” நான் தடுமாறி, “ஓடும்... ஆனா நீங்க வேண்டாம்” என்றேன். “நான் வேண்டாம்னே சொல்லியிருக்கலாமே சார், எதுக்குங்க சர்வீஸு” என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அன்று எனக்கு இந்தப் பிழை தெரியாது. அதனால்தான் அது இன்னும் மோசம். நான் நம்பித்தான் சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

ஆபீஸில் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். பட்டறைக்கும் போய்ச் சொல்லப்போகிறேன் என்றதற்கு, “சரியாகிப்போனதை எதற்குக் கிளறுகிறாய்?” என்றார். நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

பழைய புரோகிராமை எடுத்துக்கொண்டு பெருந்துறை போனேன். கைக்குட்டை அளவுத் துணிக்குச் சாயமேற்றும் சாம்பிள் மிஷின் ஒன்று அங்கே உண்டு. அதன் கம்ப்யூட்டரில் பழையதை ஏற்றினேன். அண்ணாவின் பெயருக்கு ஜெர்மன் முறையை வைத்தேன்.

“அண்ணா, நீங்களே உங்க பேர்ல போய், உங்க கையால பிரிண்ட் குடுங்க. மாஸ்டர், சாம்பல் பார்முலா போடுங்க.”

“எதுக்குங்க தம்பி?”

“குடுங்கண்ணா.”

பிரிண்டர் கடகடத்தது. துணி வெள்ளையாக வந்தது. இன்னொரு தடவை என்றார். வெள்ளை. மூன்றாம் முறை பிரிண்ட் கொடுக்காமல் ஓட்டச் சொன்னேன். சாம்பல், கச்சிதமாக.

அண்ணா மூன்று துணிகளையும் மேசையில் வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எம்பேருக்குமா?” என்றார்.

“பேருக்கு இல்லீங்கண்ணா. ஒரே ரூம்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்க, ஒரே ஃபேன். ஒருத்தர் குளுருதுன்னு எந்திரிச்சு ஃபேன நிறுத்துனா, இன்னொருத்தருக்கும் சேந்துதான நின்னுபோகும்? நான் அந்த மாதிரி எழுதி வெச்சுட்டேன். அந்தம்மாவுக்கு மட்டும் ஜெர்மன்ல அடிக்கணும்னு சுவிச்சப் போட்டதும் நான்தான். தப்பு என்னோடது.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டே போனேன். “போன மாசக் கடைசில.”

மாஸ்டர் சூடத்தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “நான் படிக்காதவன், கண்ணுக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டே என் மைசூர்பாகத் தின்னீங்க” என்றார்.

பிறகு என் எதிரிலேயே ஜெர்மன் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டார். “அந்தம்மாவையே அனுப்புங்க. ஏன்னெல்லாம் கேக்காதீங்க. தப்பு எங்க பக்கம்.” எங்கள் பக்கம் என்றுதான் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஈரோட்டில் கோகிலவாணி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். பேக்கரியில் உட்கார்ந்தோம். டீ சொன்னேன், அவர் குடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போனில் ‘தெரியல’ என்றது பொய் என்பதையும் சொன்னேன்.

முழுதும் கேட்டார். மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

“புரோகிராம்ல இருந்தது உங்களுக்குத் தெரியாது. சரிங்க சார், அது யாருக்கும் நடக்கும்” என்றார். “அன்னிக்குப் போன் பண்ணி, மிஷின் ஓடும், நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே. அது எந்த மிஷினுங்க சொல்லுச்சு?”

மேடம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“பாப்பாவுக்குக் கடைசிப் பரீச்ச இருக்குது. அன்னிக்கு ஸ்கூல் வாசலுக்கே போகணும். அத நெனச்சுட்டுத்தான் உங்களப் பாக்க வந்தேன்.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பாவுக்கு இன்று போன் செய்து எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சாப்டியா?” என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 2, புதன்

புது புரோகிராம் பெரிய லாட்டில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பெருந்துறை போனேன். மேடம் வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

ஆலிவ் பச்சை லாட். மாஸ்டர் சூடத்தட்டை எடுத்தவர், என்னைப் பார்த்ததும் நின்றார். அண்ணாவைப் பார்த்தார். அண்ணா என் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

“தம்பி, ஒண்ணும் நெனச்சுக்கப்படாது. இந்தச் சூடம் காட்டற நேரம் மட்டும் கொஞ்சம் வெளிய நின்னுக்கறீங்களா? பசங்க ஒரு மாதிரி நெனைக்கறானுங்க.”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். நான் வெளியே போனேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சூடம் எரிந்தது. மேடம் தன் பெயரில் உள்ளே போய் அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரிண்டர் கடகடத்தது. மாஸ்டர் பார்முலாவைப் போட்டார். சாயம் ஏறி முடியும் வரை என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை.

ஆலிவ் பச்சை. அட்டையில் ஒட்டிய மாதிரித் துணியோடு வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

“பாத்தீங்களா, அவரு வெளிய நின்னதும் சரியா வந்துருச்சு!” என்று உள்ளே யாரோ சொல்வது கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியில்லை என்று நான் உள்ளே போய் விளக்கியிருக்கலாம். போகவில்லை.